நெற்றிச்சுட்டி தேடிப் பாகூருக்கு

லீவு கேட்கப் போனபோது எங்கள் தலைமையாசிரியை, "எந்த ஊருக்கு?" என்றார். "வெளிநாட்டுக்குங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பாண்டிச்சேரிப் பக்கம், பாகூர்" என்றதும் மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் பாரிசில் இன்னும் அதற்குத் தலையாட்டவில்லையாம். ஆகவே இந்த ஐம்பத்தெட்டிலும் சட்டப்படி அது அந்நிய மண். மடியில் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகக்கூடிய வெளிநாடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் முன்நெற்றியில் பிறந்ததிலிருந்தே ஒரு கற்றை முடி வெள்ளை. வகிட்டுக்கு இடது பக்கமாகச் சாய்ந்து ஆப்பு வைத்ததுபோல் இருக்கும். என் அப்பாவுக்கும் அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. அப்பா கோயமுத்தூரில் மில் ஃபிட்டர். சொந்த ஊரைப் பற்றிக் கேட்டால், "பாகூர் ஏரியில நீச்சல் அடிச்சவன் நான்" என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். அவர் போனபிறகு இந்த முடியோடு உலகத்தில் நான் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். பள்ளி விட்டபிறகு எனக்காகவும் வரைகிறேன். அதில் முகம் இராது, மரம் இராது, மயில் இராது. பட்டைகள், புள்ளிகள், நடுவே எங்கேயாவது ஒரு வெள்ளை ஆப்பு. எங்கள் தாவரவியல் டீச்சர் ஒருநாள், பட்டாணிச் செடியை வளர்த்து வளர்த்து ஒரு பாதிரியார் கண்டுபிடித்த சங்கதியைச் சொன்னார். குட்டையும் நெட்டையும் எப்படித் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது என்ற கணக்கு. அன்றிலிருந்து எனக்கு வேறு எதுவும் வரைய ஓடவில்லை. சென்னையில் ஒரு கண்காட்சியில் என் படங்களை மாட்டினேன். ஒரு கனவான் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "போர்வைக்கு நல்லா இருக்கும், எந்தத் தறி?" என்று கேட்டார். அந்தப் படத்துக்குப் பெயர் 'பரம்பரை'. அதில் அப்பாவுக்கு மேலே நான் வெறும் துணியாக விட்டிருந்தேன். மேலே யார் என்று தெரியாமல் எதைத் தீட்டுவது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கிளம்பினேன்.

முதல் நாளே தப்பான பஸ். பாண்டிச்சேரியில் இறங்கி, ஆள் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் புஸ்புஸ் வண்டியில் ஏறி, "பாகூர் பஸ்" என்றேன். தள்ளுகிறவர் தலையை நன்றாக ஆட்டி என்னை வில்லியனூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வில்லியனூர் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தபிறகு கண்டக்டரிடம் பாகூர் எப்போது வரும் என்று கேட்டேன். "வராதும்மா. இது இந்தாண்ட போவுது, அது அந்தாண்ட கீது" என்றார். இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொன்னதால் கோபிக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் 'ங்க' போடாமல் நாய்க்குக்கூடச் சோறு வைக்க மாட்டோம். இங்கே டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நங்கென்று வைத்து, "இன்னாம்மா தலையில, சுண்ணாம்பு கொட்டிக்கிச்சா?" என்றார். அரை நிமிஷ அறிமுகம். பிறவியிலேயே உள்ளது என்றேன். "அப்பிடியா, நல்லாத்தான் கீது" என்று ஒரு மசால்வடையைக் காசில்லாமல் வைத்தார். மரியாதை வடையில் இருந்தது.

வில்லியனூர்ப் பக்கத்து ஆலையில் கரும்பை இறக்கிவிட்டுப் பாகூருக்குக் காலியாகத் திரும்பிய மாட்டுவண்டி ஒன்றில் இடம் கிடைத்தது. வழியெல்லாம் தண்ணீர். வாய்க்கால், மறுபடி வாய்க்கால், பிறகு நெல். ஒரு குடம் தண்ணீருக்குச் சண்டை போடும் தெருவிலிருந்து போன எனக்கு வயிறு எரிந்தது. வண்டிக்காரர் வாய் ஓயாதவர். ஆனால், "இந்த மாதிரி முடி உள்ளவங்க பாகூர்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று நான் கேட்டதும் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊமையாகிவிட்டார். பிறகு வெகுதூரம் போய், "நான் பாத்ததில்லம்மா" என்றார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

பாகூரில் லூர்து மேரி காத்திருந்தாள். ட்ரெயினிங்கில் என்னோடு படித்தவள். அங்கே பள்ளியில் வாத்தியாரம்மா. பாண்டிச்சேரியிலிருந்து அரைமுழ நீளத்தில் பிரெஞ்சு ரொட்டி வாங்கி வைத்திருந்தாள். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. "இந்த ரெண்டையும் யாருடி ஜோடி சேத்தது?" என்றேன். "நாங்கதான். வெள்ளைக்காரன் வெண்ணெய் போட்டுத் தின்னான், பாவம், அவனுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்றாள். இரண்டு ரொட்டியை நானே முடித்தேன். கருவாட்டு வாசம் கையை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம் என்று தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை விசாரணையைத் தொடங்கினேன். ஏரிக்கரையில் துணி துவைத்த பெண்களிடம் கேட்டேன். கிளி மாதிரிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் துணியைக் கல்லில் அடிக்க ஆரம்பித்தார்கள். மளிகைக்கடையில் கேட்டேன். கடைக்காரர் புளியை நிறுத்தபடியே, "இந்த ஊர்ல ஏதும்மா? காட்டேரிக்குப்பம் போய்ப் பாருங்க. அங்க தெருவுக்கு நாலு பேருக்குக் கீது" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர், "ஆமாமா, காட்டேரிக்குப்பம்" என்று அழுத்திச் சொன்னார்கள்.

காட்டேரிக்குப்பம் பாண்டிச்சேரி நிலத்தின் இன்னொரு கோடியில் இருக்கிறது என்பது இரண்டு பஸ், ஒரு ஜட்கா, ஒரு செருப்பு வார் அறுந்தபிறகு எனக்குத் தெரிந்தது. அங்கே களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி என் முடியைத் தொட்டே பார்த்தாள். "எங்க ஊர்ல இல்லியே. பாகூர்ல கேட்டுப் பாருங்களேன்" என்றாள். கம்பங்கூழும் பச்சை மிளகாயும் கொடுத்து அனுப்பினார்கள். கூழ் அமிர்தம். ஆனால் திரும்பும்போது ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்க எனக்கு ஒரே யோசனை. ஒரு ஊரே சேர்ந்துகொண்டு ஏன் என்னை ஊரை விட்டு அனுப்பியது?

லூர்துவிடம் கேட்டேன். அவள், "சாப்பிடுடி முதல்ல" என்றாள். உனக்கும் தெரியுமா என்றேன். "நான் இந்த ஊர்ல பொழைக்கணும்டி. மூணு நாள் கழிச்சு நானே சொல்றேன். அதுவரைக்கும் கேக்காதே" என்றாள். என் சுபாவம் தெரிந்தும் அப்படிச் சொன்னாள். கேட்காதே என்றால் நான் கேட்காமல் இருப்பேனா?

மூன்றாம் நாள் அவள் பள்ளிக்குப் போனதும் நான் கடல் பார்க்கப் பூரணாங்குப்பம் கிளம்பிவிட்டேன். மலையடிவாரத்தில் வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் கொஞ்சம் பைத்தியம். கரையில் அப்போதுதான் வலை இறக்கியிருந்தார்கள். நண்டுகள் மணலில் ஓடப் பார்க்க, ஒரு பெண்மணி அவற்றைப் புடவை முந்தானை ஈரமாகாமல் லாவகமாகப் பிடித்துக் கூடையில் போட்டு விலை பேசிக்கொண்டிருந்தார். மீன்காரப் பெண்ணின் குரலையே அடக்கிவிடும் குரல். முனியம்மா என்று பெயர். அந்த ஊரில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பம். என்னைப் பார்த்தார். முடியைப் பார்த்தார். "நண்டு தின்னுவியா?" என்றார். தின்றதில்லை என்றேன். "அப்ப வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நண்டை எப்படி உடைப்பது என்று தெரியாமல் நான் திண்டாடினேன். அவர் பல்லால் கடித்து உடைத்துச் சதையை என் தட்டில் போட்டார். இப்படி எனக்கு ஊட்டாத குறையாக யாரும் பரிமாறி வருஷக்கணக்காகிறது. நெஞ்சு இளகிப்போய், அப்பாவின் கதை, மில், பாகூர் ஏரி, இந்த முடி எல்லாவற்றையும் கொட்டினேன். "இது குடும்பத்துல வரும் அக்கா. பாகூர்ல கண்டிப்பா என் ரத்தம் இருக்கு. ஆனா ஊரே மறைக்குது" என்றேன்.

முனியம்மாவின் கை நண்டுக் காலோடு அப்படியே நின்றது. "பாகூரா?"

"ஆமாங்க."

"எங்க அண்ணன் மக பூங்காவனத்த அங்கதான் குடுக்கிறோம். நாளன்னிக்கு முகூர்த்தம். நாளைக்குப் பொண்ணழைப்பு." கொஞ்சம் யோசித்தார். "மாப்ள பேரு கலியபெருமாளு. எப்ப வந்தாலும் தலையில துண்டு கட்டிக்கினே வருவாரு. குந்தும்போதும் அவுக்கறதில்ல."

"வெயிலுங்க" என்றேன் நான். என் அறிவை எதில் அடிக்க?

திரும்பும் வழியில் வண்டியின் கடையாணி கழன்று சக்கரம் தனியாக வயலுக்குள் போய்விட்டது. வண்டிக்காரர் அதைத் தேடப் போக, நான் வரப்பில் உட்கார்ந்து கடலை தின்றேன். அப்போது ஒருவர் சைக்கிளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாகூர்ப் பக்கம் பறந்தார். முனியம்மா வீட்டு வாசலில் பார்த்த ஆள்தான். கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை.

லூர்து வீட்டு வாசற்படியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. பக்கத்தில் தலையில் துண்டோடு ஓர் இளைஞன். லூர்து கதவோரமாக நின்று, "நான்தான் கேக்காதேன்னேனே" என்று கண்ணால் திட்டினாள். அந்த அம்மாளின் பெயர் அஞ்சலை. இளைஞன் அவருடைய ஒரே மகன் கலியபெருமாள். நாளை மறுநாள் மாப்பிள்ளை.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்றாங்க" என்றார் அஞ்சலை. குரல் உயரவில்லை. "நான் ஒண்ணே ஒண்ணுதாம்மா சொன்னேன். அதுவும் வாயால சொல்லல. ஊரே எனக்காவ வாய மூடிக்கினு இருந்துச்சி. நீ எங்கியோ கோயமுத்தூர்லருந்து பஸ் ஏறி வந்து தொறந்து வுட்டுட்டே."

கலியபெருமாள் துண்டை அவிழ்த்தான். முன்நெற்றியில் ஒரு கற்றை மட்டும் மற்ற முடியைவிடக் கறுப்பாக, எருமைக் கொம்பு மாதிரி மினுமினுத்தது. பூட்ஸ் பாலிஷ். அவனுடைய தாய்மாமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து சைகோனிலிருந்து திரும்பியவர். ஒரு பெட்டி நிறைய பாலிஷ் டப்பா கொண்டுவந்திருந்தாராம். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், அவன் கறுப்பு மட்டும் இவன் தலையில் தங்கிவிட்டது.

விஷயம் இதுதான். செத்துப்போன அவன் அப்பாவுக்கும் இதே வெள்ளை. இதற்கு முன் இரண்டு பெண் வீட்டார் கலியபெருமாளைப் பார்த்துவிட்டு, அது வெண்குஷ்டம், உடம்பெல்லாம் பரவும் என்று எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவது இடத்துக்குப் போகுமுன் அஞ்சலை துண்டு கட்டச் சொன்னார். தாய்மாமன் பாலிஷ் தந்தார். இப்போது பூரணாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்த ஆள் ஒரே ஒரு சேதி சொல்லிப் போயிருந்தான். நாளைக்குப் பெண்ணை அழைத்துவரும்போது, மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்துத் தலைக்கு ஊற்றுவது பெண் வீட்டார்தானாம். சீயக்காயும் அவர்களே கொண்டுவருவார்களாம்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அழுகையை விழுங்கிக்கொண்டு கோபத்தை அவன்மேல் காட்டினேன். "எங்கப்பா இந்த முடிய மேல வாரி விட்டுட்டு மில் கேட்டுல நெஞ்ச நிமித்தி நிப்பாரு. நீ பூட்ஸ் பாலிஷ் போட்டுக்கறயா?"

"உங்களுக்கு இன்னாக்கா, படிச்சவங்க" என்றான். "எனக்கு ரெண்டு எடம் தட்டிப் போச்சி."

"எனக்கு எத்தன எடம் தட்டிப் போச்சுன்னு கேட்டியா?" என்றேன். கேட்கவில்லை. ஆனால் அந்த நிலைமையிலும் அவன் உதடு ஓரத்தில் கொஞ்சம் சிரித்தான். அவன் என்னை அக்கா என்றது அப்போதுதான் என் காதில் ஏறியது. என்ன ஆனாலும் நாளைக்கு நான் அங்கே நிற்கப்போகிறேன் என்று சொன்னேன். "நீ நின்ன வரைக்கும் போதும்மா" என்றார் அஞ்சலை.

நான் கேட்கவா போகிறேன். மறுநாள் வெயில் தாழ, பெண் வீட்டாரின் வண்டிகள் வந்து சேர்ந்தபோது கல்யாணப் பந்தலின் முன்வரிசையில் இருந்தேன். மேளம், வாழைமரம், பலகாரக் கூடைகள் எல்லாம் முறையாக இருந்தன. ஆனால் யாரும் வண்டியிலிருந்து பெண்ணை இறக்கவில்லை. முனியம்மா மட்டும் இறங்கினார். இடுப்பில் ஒரு பித்தளைத் தவலை. நிறைய அரைத்த சீயக்காய். ஒரு மாப்பிள்ளைக்கு அல்ல, ஒரு யானைக்குப் போதும்.

"மாப்ளய மணையில குந்த வையுங்க" என்றார்.

அஞ்சலை கிண்ணத்தில் எண்ணெயோடு வந்தார். "எண்ணெ தொட்டு வச்சா போதுமே. பனி காலம், சளி புடிச்சிக்கும்" என்றார். முனியம்மா தவலையைத் தரையில் இறக்கி வைத்தார். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அப்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, நேத்து எனக்கு நண்டு உடைச்சுக் குடுத்தீங்களே, அந்தக் கையால என் தலையத் தொட்டுப் பாருங்க" என்று முனியம்மாவின் முன்னால் போய் நின்றேன். "நாப்பது வருஷமா இருக்குது. ஒரு மயிரிழை பரவல. நோவு இல்ல, ஒட்டுவாரொட்டி இல்ல."

அவர் தொட்டார். விரலை நாக்கில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிடித்து இழுத்தும் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "ஒண்ணும் இல்லதான்" என்று ஒப்புக்கொண்டார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிறவளா நான்? டீச்சர் அல்லவா?

வாசலில் போட மிச்சம் வைத்திருந்த கோலமாவையும் செம்மண்ணையும் எடுத்தேன். சாணி மெழுகிய தரையில் புள்ளி வைத்தேன். வெள்ளை முடி உள்ளவருக்கு வெள்ளைப் புள்ளி, இல்லாதவருக்குச் சிவப்பு. பட்டாணிச் செடிக் கணக்கு. கலியபெருமாளின் அப்பா வெள்ளை, அஞ்சலை சிவப்பு, கீழே கலியபெருமாள் வெள்ளை. நான் வருஷக்கணக்காகக் கித்தானில் போட்டு யாருக்கும் புரியாத படம்தான். பெண்கள் குனிந்து பார்த்தார்கள். கோலம் பார்த்துப் பழகிய கண்கள், ஒருத்திகூட இது என்ன என்று கேட்கவில்லை. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "இது நோயில்ல, வழிவழியா வர்றது. இவனுக்குப் பொறக்கற புள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு வரலாம், பாதிப் பேருக்கு வராது" என்று முடித்தேன்.

"பாதிப் புள்ளைக்கு வரும்னு நீயே சொல்றியே" என்றார் முனியம்மா.

லூர்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். காட்டேரிக்குப்பத்திலேயே தங்கியிருக்கலாம் என்று தோன்றியது. அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையை நான் என் படத்தில் எந்த நிறத்திலும் கொண்டுவர முடியாது.

"எனக்குத் தெரியும் அத்தே" என்று வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

பூங்காவனம் தானாகவே இறங்கினாள். கல்யாணப்பெண் இறக்காமல் இறங்கக் கூடாது என்று யாரோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார்கள். பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புள்ளிகளை மிதிக்காமல் சுற்றி வந்து நின்றாள்.

"உனக்கு எப்பிடிடி தெரியும்?"

"கார்த்திகையில மாடு பாக்க வந்தாரில்ல, அன்னிக்கி மழ புடிச்சிக்கிச்சி. இவரு நம்ம களத்து மேட்டுல நனைஞ்சிக்கினு நின்னாரு. மூஞ்சில கருப்பு கருப்பா வழிஞ்சி சட்டையெல்லாம் ஆயிடிச்சி. நான் வைக்கோலாண்ட இருந்து பாத்தேன். துண்டால தொடைச்சி தொடைச்சி பாத்தாரு. பாவமா இருந்திச்சி. சிரிப்பும் வந்திச்சி."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"அவரே சொல்லுவாருன்னு இருந்தேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "முடி எனக்கு ஒண்ணுமில்ல. கார்த்திகையிலருந்து தை வரைக்கும் வாயத் தொறக்கல பாரு, அதான். நாளைக்கி வேற இன்னா இன்னா மறைப்பாரு? மழ வந்தா எல்லாம் ஓடிப்பூடும்."

எல்லாரும் வீட்டு வாசலைப் பார்த்தார்கள். கலியபெருமாள் அங்கே நின்றான். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நேராக வந்து மணையில் உட்கார்ந்தான். முனியம்மாவின் தவலையைத் தானே பக்கத்தில் இழுத்தான். பெண் வீட்டார் ஊற்றவில்லை, யாரும் தேய்க்கவில்லை. அவனே இரண்டு கை சீயக்காயை எடுத்துத் தலையில் அப்பித் தேய்த்தான். கறுப்பு நுரையாக வந்தது. கண்ணில் சீயக்காய் போய்க் கண்ணீர் வழிய வழியத் தேய்த்தான். ஒரு குடம், இன்னொரு குடம். தண்ணீர் வெளுக்க வெளுக்க முன்நெற்றியில் முடி வெளுத்துக்கொண்டே வந்தது. வகிட்டுக்கு இடது பக்கம். சாய்ந்த ஆப்பு.

என் அப்பாவின் நெற்றி. ஈரத்தோடு, இருபத்தைந்து வயசில். நான் ஓவென்று அழுதுவிட்டேன். மாப்பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று பின்வரிசையில் நாலு பேர் பதறி எழுந்தார்கள்.

பூங்காவனத்தின் அப்பா அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கினார். மாட்டுத் தரகு பார்க்கிறவர். கலியபெருமாளின் நெற்றியைக் கிட்டத்தில் வந்து, சந்தையில் பார்ப்பதுபோலச் சாய்ந்து பார்த்தார். "நெத்தியில சுட்டி இருக்கிற காளன்னா நான் பத்து ஊரு தாண்டிப் போய்ப் புடிச்சிக்கினு வர்றேன்" என்றார் தங்கையிடம். "சுட்டி மாப்ள வூடு தேடி வந்தா வாணாம்பனா? மேளத்த அடிக்கச் சொல்லு."

மேளம் பிடித்துக்கொண்டது. முனியம்மா மிச்சச் சீயக்காயைப் பார்த்து, "இத இன்னா பண்ணுறது?" என்றார். "எல்லாரும் குளிங்க" என்றாள் பூங்காவனம். அப்போதுதான் பந்தல் சிரித்தது.

அந்தச் சந்தடியில் என் புள்ளிகளை மிதித்து அழித்திருப்பார்கள் என்று திரும்பினேன். இல்லை. பெண்கள் அதைச் சுற்றிக் குந்திக்கொண்டு மேலும் மேலும் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் வீட்டு ஆறாம் விரலுக்கு ஒரு வரிசை தொடங்கிவிட்டாள். இன்னொருத்தி மாமியாரின் மாறுகண்ணுக்கு மஞ்சள் பொடி கேட்டாள். அஞ்சலை தன் கணவரின் வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளைப் புள்ளி வைத்தார்.

"இது யாருங்க?" என்றேன்.

"எங்க மூத்தாரு, வூட்டுக்காரருக்கு அண்ணன். ஆறுமுகம். நான் கண்ணால பாத்ததில்ல. எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே மில்லு வேலைக்குப் போறேன்னு போனவரு, வரவே இல்லியாம். அவருக்கும் வெள்ள இருந்துச்சின்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிச் சொல்லி மாஞ்சி போவாரு."

"எங்கப்பா பேரு சுப்பிரமணிங்க" என்றேன்.

அஞ்சலை கொஞ்ச நேரம் யோசித்தார். சுற்றியிருந்தவர்களும் யோசித்தார்கள். "அதே சாமிதானே" என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது. ஊரை விட்டுப் போகிறவன் பெயரை மாற்றிக்கொள்ளாமலா போவான் என்று அவர்கள் கேட்டார்கள். அஞ்சலை ஒரு சிட்டிகை கோலமாவு எடுத்து ஆறுமுகத்தின் புள்ளிக்குக் கீழே வைத்தார். "இது நீ" என்றார். "உன்னியப் போயித் திட்டிட்டேன்."

கல்யாணக் காலை விடிந்ததும் எனக்கு ஒரு புதுப் புடவை வந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் போடுவது நாத்தனார் முறை. கலியபெருமாளுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. பெரியப்பா மகள் நான்தான் என்று ஒரே ராத்திரியில் ஊர் முடிவு கட்டியிருந்தது. "கல்யாணம் ஆவாதவங்க கட்டலாமா?" என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். "கன்னிப்பொண்ணு தாராளமாக் கட்டலாம்" என்றார் ஐயர். லூர்து சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த அட்சதை முழுவதும் கொட்டிப்போயிற்று.

கலியபெருமாள் துண்டில்லாமல் உட்கார்ந்திருந்தான். முடியை மேல் நோக்கி வாரி விட்டிருந்தான், எண்ணெய் போட்டு, எல்லாரும் பார்க்கும்படி. நான் பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். கெட்டிமேளம் கொட்ட அவன் ஒரு முடிச்சுப் போட்டான். மஞ்சள் கயிறு என் கைக்கு வந்தது. இரண்டாம் முடிச்சைப் போட்டேன்.

பூங்காவனம் குனிந்த தலையை நிமிர்த்தாமலேயே, "அண்ணி" என்றாள். "புள்ள வெள்ளையோட பொறந்தா உங்க பேருதான் வைப்பேன்."

"வெள்ளை இல்லாமப் பொறந்தா?" என்று அவள் காதில் கேட்டேன்.

"அப்பவும் உங்க பேருதான். முடியவா பேரு சொல்லிக் கூப்புடப் போறோம்?"

மூன்றாம் முடிச்சை, அவிழவே கூடாது என்று, இரண்டு தரம் போட்டேன்.